‘வா’ என்றால் வரும் விமானம்

போன ஆடி மாதம் அருப்புக்கோட்டை வட்டாரத்தில் வெளிநாடு கிளம்பியவர்கள் முதலில் பாஸ்போர்ட் எடுத்தார்கள். அப்புறம் விசா எடுத்தார்கள். அப்புறம் ஷேர் ஆட்டோ பிடித்து ஆகாயச் சித்தரைப் பார்க்கப் போனார்கள். இந்த மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் செல்லாது என்று ஊர் முடிவு செய்திருந்தது.

திருச்சுழி போகிற சாலையில், கருவேலங்காட்டைத் தள்ளிச் சமமாக்கிய ஒரு பொட்டலில் பக்கச் சுவர் இல்லாத தகரக் கொட்டகை. வாசலில் ஒரு போர்டு: ‘விமானம் குலுங்காது. விசா திரும்பாது. பெட்டி தொலையாது.’ சுற்றிலும் ஒரு மரம் கிடையாது. எந்த விமானம் போனாலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தெரியும். தொழிலுக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

சித்தரின் பழைய பெயர் இருளப்பசாமி. மூன்று வருஷத்துக்கு முன்னால் தறிக்கூடங்களுக்கு நூல் லோடு ஏற்றும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். விமானத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை. ஞானிக்கு அனுபவம் எதற்கு?

காணிக்கை, விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பெட்டிக் கணக்குப்படி ஏழு கிலோ. மிளகாய் வத்தல், உளுந்து, துவரை, எதுவானாலும் சரி. சாமி சாதி மதம் பார்ப்பதில்லை. வத்தல் யார் கொண்டுவந்தாலும் காரம் ஒன்றுதானே! பக்தர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பை அதோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாதவர்கள் அருள் பாயும்போது மேலே போய்க் கூரையில் முட்டுவார்களாம். சித்தருக்கு மட்டும் பழைய காரிலிருந்து கழற்றிய சீட்டும் நிஜ பெல்ட்டும்.

மாலை நாலரைக்குத் தரிசனம். வாயகன்ற பித்தளைக் கமண்டலத்துக்குள் சித்தர் உற்றுப் பார்ப்பார். உள்ளே ஞானத் தீர்த்தம் இருக்கிறதாம். பிறகு கண்ணை மூடி, வடமேற்கே விரலை நீட்டி, “வா!” என்பார். இரண்டு நிமிஷத்தில் வடமேற்கிலிருந்து ஒரு விமானம் வரும். ஜனங்கள் கயிற்றோடு எழுந்து, நாற்காலியோடு விழுந்து கும்பிடுவார்கள்.

பிறகு கேள்வி நேரம்.

“சாமி, எறங்குறப்ப உள்ள லைட்டை அணைச்சுப்புடுறாகளாமே, ஏன்?” என்று கேட்டாள் ராக்கம்மாள். அவள் மகன் மஸ்கட்டில் இருந்தான்.

“துஷ்ட தேவதைகள் உள்ளே எத்தனை தலை என்று எண்ணிவிடக் கூடாது அல்லவா!”

“பின்னாடி வெள்ளையா கோடு போடுதே சாமி?”

“நாம் பூசிய விபூதி.”

“ஏரோபிளேனுக்கு ரிவர்ஸ் கியர் உண்டுங்களா?” இது ஷேர் ஆட்டோ இம்மானுவேல். அவனுக்குத் தொழில் சந்தேகம்.

“செய்த கர்மம் பின்னோக்கிப் போகுமா, மகனே?”

இம்மானுவேலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆகவே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த விஷயம், பாளையம்பட்டி ராமலட்சுமி தன் மகள் யுவராணியைக் கூட்டிப்போன அன்றைக்கு வினையாகிவிட்டது. யுவராணி ரத்தப் பரிசோதனை படித்தவள். இரண்டு வருஷம் முயன்று சார்ஜாவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தாள். சனிக்கிழமைக்குள் சேராவிட்டால் வேலை வேறொருவருக்கு என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. வியாழக்கிழமை திருச்சியிலிருந்து விமானம்.

சித்தர் டிக்கெட்டை வாங்கி, விமானத்தின் எண்ணைக் கூட்டினார். எட்டு வந்தது.

“எட்டு சனியுடையது. இறக்கை ஆடும். மூன்று வாரம் பரிகாரம், வாரத்துக்கு ஏழு கிலோ. அதுவரை பெண் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது.”

வீட்டுக்கு வந்ததும் ராமலட்சுமி பாஸ்போர்ட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். யுவராணி கெஞ்சினாள், கத்தினாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். “வேல போனாப் போகட்டும்டி. உசுரு போனா வருமா?” என்றாள் தாய். அவள் பயம் மட்டும் கலப்படமில்லாதது. அதை வைத்துத்தானே வியாபாரமே!

யுவராணி அடுத்த வீட்டுக்கு ஓடினாள். பரக்கத் நிஷா லீவில் வந்திருந்தாள். ஒன்பது வருஷமாக வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில், வந்து நிற்கும் விமானங்களுக்குள் ஏறிச் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. யுவராணி கொட்டகையில் கண்டதையெல்லாம் சொல்லி, அவளைக் கையோடு அம்மாவிடம் கூட்டிவந்தாள்.

“யக்கா, ஒம்பது வருஷமா ஏரோபிளேன் கக்கூஸு கழுவுறேன். ஒரு பேயைக்கூடப் பாக்கல. மனுசங்க விட்டுட்டுப் போறதத்தான் பாத்திருக்கேன்” என்றாள் நிஷா.

“றெக்க ஆடும்னு சொல்றாகளே நிஷா!”

“ஆடத்தான் செய்யும். வெறைச்சுக்கிட்டு நின்னாத்தான் ஒடியும். வளைஞ்சு குடுக்கணும்னே செஞ்சிருக்காக.”

“அப்ப லைட்டு?”

“இருட்டுல திடீர்னு எறங்க வேண்டி வந்தா கண்ணு பழகியிருக்கணும்ல? அதுக்குத்தான். அந்த வெள்ளைக் கோடு, எஞ்சின்ல இருந்து வர்ற ஈரம் மேல இருக்க குளிர்ல ஒறைஞ்சு போறது. விபூதியாம்ல, விபூதி!”

ராமலட்சுமி முடிச்சை இன்னும் இறுக்கினாள். நிஷா அதைப் பார்த்தாள். “நான் சொல்லி நீங்க நம்ப வேணாங்க்கா. நாளைக்கு அவுககிட்டயே கேட்டுருவோம்.”

மறுநாள், புதன்கிழமை. நல்ல கூட்டம். நிஷா இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு போனாள். காணிக்கை என்று நினைத்து முன் வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

சித்தர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு கமண்டலத்தைத் தூக்கியபோது நிஷா எழுந்தாள்.

“சாமி, ஒரு ஆசை. கமண்டலத்தைப் பாக்காம ஒரு ஏரோபிளேனைக் கூப்பிடுங்களேன்.”

“கமண்டலம் நம் உடம்பின் அங்கம், தாயே!”

“கையிலயே இருக்கட்டும். மேல ஒரு துண்டைப் போட்டுக்கிருவோம். ஒங்க சக்திக்கு ஒரு துண்டு மறைக்கவா போகுது?”

கூட்டத்துக்கு யோசனை பிடித்துவிட்டது. இன்னும் பெரிய அற்புதம் நடக்கும் என்று நம்பி, இம்மானுவேலே தன் தோள்துண்டைக் கொடுத்தான். “கூப்பிடுங்க சாமி!” என்று எல்லோரும் கத்தினார்கள்.

சித்தர் விரலை நீட்டினார். “வா!”

வரவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது. தூரத்துக் கருவேலங்காட்டிலிருந்து ஒரு மயில் வந்தது.

“முருகனின் விமானம்!” என்றார் சித்தர், சளைக்காமல்.

“எஞ்சின் வச்சதாக் கூப்பிடுங்க சாமி” என்றாள் நிஷா.

“வா!”

ஆடிக் காற்றில் ஒரு பாலிதீன் பை வந்தது. சித்தர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, யாரும் கூப்பிடாமலே தலைக்கு மேலே ஒரு விமானம் தன்பாட்டுக்குப் போனது.

“இதை யாரு கூப்பிட்டா?” என்றாள் ராக்கம்மாள்.

“தீர்த்தம் வத்திருச்சுபோல. ரொப்பித் தாரேன் சாமி” என்று துண்டை விலக்கி, குடத்தைச் சாய்க்கப் போனாள் நிஷா.

“ஊத்தாத தாயி! ஊத்தாத! புது போனு!”

சாமி பேச்சு போய், லோடு வண்டிப் பேச்சு வந்துவிட்டது.

இம்மானுவேல் கமண்டலத்துக்குள் கைவிட்டுச் செல்போனை எடுத்தான். திரையில் ஒரு வரைபடம், அதன்மேல் மஞ்சள் மஞ்சளாகக் குட்டி விமானங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

“ஒவ்வொரு ஏரோபிளேனும் நான் இங்கன இருக்கேன், இங்கன இருக்கேன்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டே போகும். கீழ அதைப் புடிச்சுப் படத்துல காட்டுறாக. ஒங்க போன்லயும் எறக்கிக்கலாம், சும்மாவே கெடைக்கும்” என்றாள் நிஷா.

ராமலட்சுமி மெல்ல முன்னால் வந்தாள். “எம் மக போற நம்பரு இதுல இருக்குமா?”

நிஷா எண்ணைத் தட்டினாள். “இந்தா பாருங்க. நேத்துப் போயிருக்கு. முந்தாநாளு போயிருக்கு. தெனமும் இதே நம்பருதாங்க்கா. கூட்டுனா தெனமும் எட்டுத்தான். ஒரு நாளாச்சும் விழுந்துச்சா?”

ராமலட்சுமி அந்தத் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். முந்தானை முடிச்சு கையால் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்து, பாஸ்போர்ட்டை மகள் கையில் வைத்தாள். “போயிட்டு வா” என்றாள்.

இதற்குள் சித்தர் ஓடப் பார்த்தார். கார் பெல்ட் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. ராக்கம்மாள் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, “சரி, எம் உளுந்து எங்க?” என்று ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை சாலைவரை நின்றது. சித்தர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான வரிசை அன்றுதான்.

வெள்ளிக்கிழமை யுவராணி சார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம், நம் ஜனங்களில் பாதிப்பேர் வேறோர் ஊருக்குக் கிளம்பினார்கள். அங்கே ஒருவர் எலுமிச்சம்பழத்தைத் தடவிப் பார்த்து நீட் மார்க் சொல்கிறாராம். போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் அவர் அந்தப் பழத்தில் கைவைப்பதற்கு முன்னால், ‘பழத்தைத் தொடாமல் சொல்வீர்களா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தலை என்பது மொட்டை போட மட்டும் முளைத்தது இல்லை, ஐயா!