மாரியக்கா பேரில் போன மூன்றாம் அத்தியாயம்

படித்தவர்களுக்குப் புத்தி இருக்கும் என்று நம்புகிறவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கம். இடைக்காலத் தமிழ்ப் பாடல்களில் பெண்ணும் காமமும் என்பது என் முதுகலைமாணி ஆய்வு. (எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் கேட்டவர்களிடம் சாமிப் பாட்டு என்று சொல்லி வைத்திருந்தேன். பாதி உண்மைதான்.) வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாம் அத்தியாயம் வராவிட்டால் பதிவு ரத்து என்று பேராசிரியர் எழுதிவிட்டார். டிக்கோயாவில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காம்பரா மாரியக்கா வந்தாள். எழுதத் தெரிந்தவள்தான் லயத்துக்கே கடிதம் எழுத வேண்டும். மறுத்தால் படித்த திமிர். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை.

"கோழி நாலு செத்துப் போச்சுன்னு எழுது. கூரை ஒழுகுது, வந்து பாருங்கன்னு எழுது."

"வேற என்னக்கா?"

"அவ்ளோதான். நீயா ஒண்ணும் சேக்காத."

ஒரே மாதிரி இரண்டு உறை. ஒட்டிய பிறகு விலாசம் எழுதினேன். அதுதான் என் மூளை.

ஐந்தாம் நாள் மாரியக்கா புருஷன் புதுச் சட்டையோடு வந்து நின்றார். கையில் என் அத்தியாயம். தலைவனைப் பார்த்து ஒருத்தி வளையல் கழன்று, தூக்கம் கெட்டு, நிலாவைத் திட்டும் ஆறு பக்கம்.

"மாரி மனசுல இவ்ளோ இருக்குன்னு தெரியாமப் போச்சு புள்ள. மொதலாளியே படிச்சிட்டு லீவு குடுத்தாரு. அடிக்குறிப்புதான் வெளங்கல."

பின்னால் நின்ற மாரியக்கா என்னை முறைத்தாள். "கோழி எங்கடி?"

கோழி பேராசிரியரிடம் இருந்தது. என் உயிர் போய்விட்டது. அத்தியாயத்தையாவது தாருங்கள் என்று கெஞ்சினேன். "எம் பொண்டாட்டி எழுதுனத ஒனக்கு ஏன் தரணும்?" என்று சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

மறுநாள் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பேராசிரியர் மாரியக்காவின் கடிதத்தை நீட்டினார். "இதில் காமம் எங்கே?"

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஒழுகுற கூரையக் காட்டிப் புருஷன வரச் சொல்றாளே, அது வேற என்ன சேர்?"

அவர் இன்னொரு முறை படித்தார். ஒரு வாரம் தவணை கொடுத்தார். ஆறு பக்கத்தையும் ஞாபகத்திலிருந்தே திரும்ப எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள், பட்டமும் கிடைத்தது. யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

பத்தாம் மாதம் மாரியக்காவுக்குப் பெண் பிறந்தது. பள்ளிக்கூடத்தில் பெயர் விஜயா. லயத்தில் இன்றுவரை 'ஆராய்ச்சி'. என் படிப்பால் நாட்டுக்குக் கிடைத்தது அவள் ஒருத்திதான் என்று என் அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.