கத்தரிக்காய் நுழையாத பை

இனித் தன் தோளில் தொங்கும் பைக்குள் ஒரு கத்தரிக்காய்கூட நுழையக் கூடாது என்று ஆரோக்கியநாதன் தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவரே. எதிர்ப்பு இல்லை. எதிர்க்கக்கூடிய ஒரே ஆள் அப்போது அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

மீன் வந்த பையைப் பார்த்துத்தான் தீர்மானமே பிறந்தது. அது லேசுப்பட்ட பையா? பஞ்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் பதினோராவது மாநாட்டில் பிரதிநிதிகளுக்குக் கொடுத்த பை. ‘போராடுவோம், வெற்றி பெறுவோம்’ என்று சிவப்பு மையில் அச்சடித்திருந்தது. ‘வெற்றி பெறுவோம்’ மீது இப்போது கெண்டை மீன் செதில் ஒட்டியிருந்தது. எட்டாவது மாநாடு ரேஷன் அரிசிக்குப் போனது. ஒன்பதாவது மாநாடு மாவு மில்லுக்குப் போய் வருகிறது. வெள்ளி விழா மாநாட்டைப் பிரித்து, அவர் மனைவி பிலோமினாள் மிக்சிக்கு உறை தைத்துவிட்டாள். தலைவர்கள் அந்த மாநாடுகளை மறந்தார்கள். தொழிலாளர்கள் மறந்தார்கள். இன்றைக்கும் தினமும் அவற்றைக் கையில் எடுக்கிற ஒரே ஜீவன் பிலோமினாள்தான். இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன அவமானம் வேண்டும்?

நாகமலை புதுக்கோட்டையில் அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். மகள் பெர்சி பெங்களூரில். மகன் டோனி கனடாவில். டோனி போன தடவை வந்தபோது தன் பழைய கேமராவையும் இரண்டு லென்சையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். “பொழுது போகும்பா” என்றான். வேலைநிறுத்தம் நடத்தி ஒரு ஊரையே ஸ்தம்பிக்க வைத்த சங்கத் தலைவரிடம் பொழுதைப் பற்றிப் பேசுகிற காலம் வந்துவிட்டது.

பிலோமினாள் ஓய்வு பெற்ற மிஷன் பள்ளிக்கூட டீச்சர். கேமராவைக் கண்டதிலிருந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“ஏங்க, கீழக்குயில்குடிக் குளத்துல தாமரை பூத்துக் கெடக்காம். அங்க வச்சு என்னைய ஒரு படம் எடுங்களேன்.”

“இது மக்களுக்கான கேமரா பிலோமி.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

மக்கள்தான் அவரைக் கேட்கவில்லை. சங்கத்தில் போன ஆண்டு பொன்னாடை போர்த்தினார்கள். அதோடு சரி. உயிரோடு இருக்கிற ஆளுக்குக் கோடித்துணி போடுவதற்குப் பொன்னாடை என்று பெயர் வைத்தவன் கெட்டிக்காரன். அதன்பிறகு போன் அடிப்பதில்லை. அடித்தால் லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்கிறாள். அவளிடம் நாட்டு நிலைமையை விளக்க முயன்றார். அவளும் வைத்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் திருமங்கலம் பக்கம் ஒரு சுவரொட்டி பார்த்தார். மூடிப்போன மில்லின் காலனிக்குள் டவுன் பஸ் வருவதில்லை; மறுபடி விடக் கோரி சனிக்கிழமை அடையாள உண்ணாவிரதம். தலைமை: செயலாளர் கண்ணுச்சாமி. எந்தக் கண்ணுச்சாமி? கோஷம் போடும்போது எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று இவர் கற்றுக்கொடுத்த கண்ணுச்சாமி. சுவரொட்டியில் பதினேழு பெயர் இருந்தது. இவர் பெயர் இல்லை. கீழே அச்சகத்தின் பெயர்வரை படித்துப் பார்த்துவிட்டார். இல்லை.

கூப்பிடாத இடத்தில் போய் நிற்க ஒரு மனிதனுக்குக் காரணம் வேண்டும். கேமரா ஒரு காரணம். ஆனால் கேமராவை மஞ்சப்பையில் கொண்டுபோனால், உண்ணாவிரதக்காரனுக்குச் சோறு கொண்டு வந்த சொந்தக்காரன் என்று நினைப்பார்கள். கம்பீரமான தோள்பை வேண்டும். காலத்துக்கும் உழைக்க வேண்டும். முக்கியமாக, அடுப்படி ஆக்கிரமிக்க முடியாத பையாக இருக்க வேண்டும்.

தெற்கு மாசி வீதிச் சந்தில் ஹரிராமின் பைக்கடை. ஹரிராமும் அவர் மனைவி ராதாமணியும் பரம்பரைச் சௌராஷ்டிரக்காரர்கள். தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். யாரைப் பற்றிச் சிரிக்கிறார்கள் என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. ஆரோக்கியநாதனுக்கு அன்று தெரிந்தது.

முதல் பையைத் தரையில் போட்டு ஏறி மிதித்தார். இரண்டாவது பையின் பட்டையைக் கடைக் கதவில் மாட்டித் தொங்கினார். மூன்றாவது பைமீது சொம்புத் தண்ணீரை ஊற்றினார்.

“அண்ணே, கேமரா வைக்கவா, கலவரத்துக்கா?” என்றார் ஹரிராம்.

“தடியடி விழுந்தாலும் தாங்கணும் தம்பி.”

“இந்த வயசுல யாருண்ணே உங்கள அடிக்கப் போறா?”

அந்தக் கேள்வி தடியைவிட வலித்தது. அவர் காட்டிக்கொள்ளவில்லை.

நான்காவது பை பச்சைக் கேன்வாஸ். இரட்டைத் தையல், பித்தளைப் பக்கிள், அகலப் பட்டை. மிதித்தார். தொங்கினார். ஊற்றினார். அசையவில்லை. உள்ளே ஸ்பாஞ்சு வைத்த தடுப்புகள். கேமராவுக்கு ஓர் அறை, லென்சுகளுக்கு ஆளுக்கொரு அறை. எந்த அறையிலும் ஒரு முட்டைக்கோசு நுழையாது. அவர் கண்ணில் நீர் வராத குறை.

ராதாமணி வாயைத் திறந்தார். “அண்ணாச்சி, அந்தத் தடுப்பு இருக்குல்ல, அதை...”

“தடுப்பப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதீகம்மா. நான் பாக்காத தடுப்பா? கலெக்டர் ஆபீஸ் முன்னாடி போட்ட தடுப்பைத் தாண்டினவன் நான். பார்த்தவுடனே சொல்லுவேன், எது தாங்கும், எது தாங்காதுன்னு. இது தாங்கும்.”

ராதாமணி கணவரைப் பார்த்து ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். வரலாறு தெரியாதவர்கள்.

வீட்டில் பிலோமினாள் பையை மேசைமேல் வைத்துச் சுற்றி வந்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. உள்ள எதுக்குங்க இம்புட்டு ரூமு?”

“எல்லாம் கேமரா சாமானுக்கு. வேற எதுவும் உள்ள போகாது. ஒரு கத்தரிக்காய், ஒரு வெங்காயம், ம்ஹூம்.”

“நான் ஒண்ணும் கேக்கலையே.”

“முன்கூட்டியே சொல்றேன்.”

அவள் ஓர் அறைக்குள் கையை விட்டாள். சாண் வைத்து அளந்தாள். “நல்ல ஆழம்” என்றாள். அவருக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். ஒருவழியாக அடுப்படி தோற்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே கேமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்துப் பக்கிள் போட்டார். தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்றார். பத்திரிகைக்காரன் மாதிரியே இருந்தார்.

“நாளைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?” என்றாள் பிலோமினாள்.

“உண்ணாவிரதத்துக்குப் போறவன் சாப்பாடா கட்டிட்டுப் போவான்?”

“நீங்க விரதம் இருக்கப் போறீங்களா, படம் எடுக்கப் போறீங்களா?”

“படம் எடுக்க.”

“அப்பச் சாப்பிடலாம்ல? உங்களுக்குச் சுகர் இருக்கு.”

“பட்டினி கிடக்கிறவன் முன்னால பல்லுல சோறு பட்டா நான் மனுசனா? என்னைய யாருன்னு நெனச்ச நீ?”

“சரி” என்றாள்.

நிர்வாகம் ஒரே வார்த்தையில் சரி என்றால் அன்றிரவே மில் வாசலில் பூட்டுத் தொங்கும். இதைத் தொழிலாளர்களுக்கு மேடைமேடையாகச் சொன்னவர் ஆரோக்கியநாதன். தன் வீட்டில் அது நினைவுக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து பையை மாட்டினார். கனம் தோளை இழுத்தது. நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலோ? இல்லை, பொறுப்பு கூடினால் கனமும் கூடத்தான் செய்யும். “போயிட்டு வாரேன்” என்றார். “பையைக் கவிழ்த்துராதீங்க” என்றாள். கேமராமேல் என்ன அக்கறை என்று நெகிழ்ந்துபோனார்.

திருமங்கலத்தில் சாமியானாப் பந்தல் பெரிது. உள்ளே ஆட்கள் கொஞ்சம். சுவரொட்டியில் இருந்த பதினேழு பேரில் பாதிப் பேரைக் காணோம். கண்ணுச்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்கண்ணே. சும்மாதான் வந்தீகளா?”

“படம் எடுக்க வந்தேன்” என்று பையைத் தட்டினார் ஆரோக்கியநாதன்.

“அடேயப்பா, பையே பயங்கரமா இருக்கு! ஓரமா உக்காருங்க. அப்பறமா எல்லாரையும் ஒண்ணா எடுப்போம்.”

ஓரமாக ஒரு நாற்காலி. பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. ஒருவர் மைக்கில் பேசினார். பழைய வேலைநிறுத்தத்தைப் பற்றித்தான். இவர் நடத்திய வேலைநிறுத்தம். பெயர் வரும் வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ‘நமது முன்னோர்கள்’ என்று சொல்லிப் பேச்சு முடிந்தது. உட்கார்ந்திருக்கும்போதே முன்னோராகிவிட்டார்.

சரி, கேமரா பேசட்டும் என்று பையின் பக்கிளைக் கழற்றி, மூடியை லேசாகத் தூக்கினார்.

புளியோதரை வாசம் ஆளை அடித்தது.

படக்கென்று மூடினார். சுற்றிலும் பார்த்தார். மறுபடி ஒரு விரல் அளவு திறந்தார். தடுப்புகள் இடம் மாறியிருந்தன. அவை தைத்த தடுப்புகள் அல்ல; ஒட்டிப் பிரிக்கிற தடுப்புகள். கேமரா இருந்த அறை அகலமாகி அதில் டப்பாக்கள் அடுக்காக நின்றன. லென்சு அறைகளில் அவித்த முட்டைகள், ஆடாமல் அசையாமல். ஓரத்தில் சுகர் மாத்திரை. ராதாமணி எதைச் சொல்ல வந்தார் என்று இப்போது விளங்கியது.

பந்தலுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் போன் போட்டார்.

“பிலோமி! கேமரா எங்க?”

“பத்திரமா இருக்கு. எங்கூடத்தான் இருக்கு.”

“நீ எங்க இருக்க?”

“கீழக்குயில்குடியில. ரிட்டயர்டு டீச்சர் எல்லாரும் வந்திருக்கோம். ஹம்சவேணி டீச்சர் படம் எடுக்குறாங்க. தாமரை அம்புட்டு அழகா இருக்குங்க.”

“அது மக்களுக்கான கேமரான்னு சொன்னேன்ல?”

“நான் மட்டும் என்ன மாடா? நானும் மக்கள்தான்.”

“உண்ணாவிரதப் பந்தல்ல புளியோதரையோட உக்காந்திருக்கேன்! தெரிஞ்சா என் மானம் என்னாகும்?”

“மாத்திரை போட்டுட்டுச் சாப்பிடுங்க. மானம் சாயங்காலம் வந்துரும்.”

வைத்துவிட்டாள்.

அவருக்கு வேர்த்தது. ஒரு காலத்தில் எதிர்ச் சங்கத்துக்காரர்கள் பந்தலுக்குப் பின்னால் பிரியாணி தின்றார்கள் என்று துண்டுப் பிரசுரம் போட்டு அவர்களை ஒழித்துக்கட்டியவர் அவர். எழுதியதும் அவர். ‘வயிறு வளர்க்கும் வீணர்களே’ என்பது தலைப்பு. அந்தத் தலைப்பு இப்போது பச்சைக் கேன்வாஸ் போர்த்திக்கொண்டு அவர் மடியில் உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் மொக்கையன் வந்து அவர் எதிரே தரையில் குந்தினார். மில்லில் கூட வேலை பார்த்தவர், வாயாடி.

“என்ன மாப்ள, ஒரு படம்கூட எடுக்கலையா?”

“வெளிச்சம் சரியில்ல.”

“தார் உருகுற வெயிலு! இன்னும் எம்புட்டு வெளிச்சம் வேணும்?”

“அது வேற வெளிச்சம். உனக்குப் புரியாது.”

மொக்கையன் மூக்கைச் சுருக்கினார். “மாப்ள, எனக்குப் பசியில கிறுக்குப் பிடிக்குது. கேமராவுல இருந்து பெருங்காய வாசம் வர்ற மாதிரியே இருக்குடா.”

“புது லென்சு. அப்படித்தான் இருக்கும்.”

பையை இறுக்கி அணைத்துக்கொண்டார். மாத்திரையும் உள்ளே, சோறும் உள்ளே. எதையும் எடுக்க வழியில்லை. கண் இருட்டியது. மாத்திரை அளவுக்குக்கூடப் பக்கிளைத் திறக்க முடியாத பையை, மிதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் அவரேதான். பந்தலில் அன்று பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடாமல், சுத்தமாக உண்ணாவிரதம் இருந்த ஒரே ஆள் அவர். கண்ணுச்சாமிகூட நடுவில் இரண்டு தடவை டீக்கடைப் பக்கம் போய்வந்தார்.

ஐந்து மணிக்கு யாரோ ஒரு பிரமுகர் வந்து எலுமிச்சை ஜூஸ் கொடுத்து விரதத்தை முடித்துவைத்தார். கூட்டம் கலையத் தொடங்கியது. ஆரோக்கியநாதனுக்குத் தலை சுற்றியது. ஜூஸ் கப்பைக் கீழே போட்டார். மொக்கையன் ஓடிவந்து பிடித்தார்.

“அண்ணே, மாத்திரை எங்கண்ணே?” என்று கண்ணுச்சாமி கத்தினார்.

“பைல...” என்று வாயை விட்டார் அவர்.

கண்ணுச்சாமி மூடியைத் திறந்தார். பந்தல் முழுக்க வாசம் பரவியது. ஆரோக்கியநாதன் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிரசுரத்தின் தலைப்புக்காகக் காத்திருந்தார்.

“முட்டை!” என்றார் மொக்கையன், பக்தியோடு.

அவ்வளவுதான். மைக் கழற்றுகிறவர்வரை ஓடிவந்தார். டப்பாக்கள் வெளியே வந்தன. பிலோமினாள் ஒரு ஆளுக்கா கட்டியிருந்தாள்? பந்தலுக்கே கட்டியிருந்தாள். அடியில் கடைசி டப்பாவைத் திறந்தார்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்.

நடுவில் ஆரோக்கியநாதன். சுற்றிலும் தோழர்கள், தோளோடு தோள் உரசி. எத்தனை நாளாக ஏங்கிய கூட்டம்! ஒருவர் அவர் வாயில் மாத்திரையைப் போட்டார். ஒருவர் முட்டையை உரித்துக் கொடுத்தார். “பொறுமையா யோசிச்சிருக்காரு பாருங்க, நம்ம பசி தெரிஞ்ச மனுசன்” என்றது ஒரு குரல். அவர் கை நீட்டிக் கடைசி டப்பாவிலிருந்து ஒரு துண்டு எடுத்தார். மெதுவாக மென்றார். கத்தரிக்காய் நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் கண்ணுச்சாமி கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். காலையிலிருந்து காலியாகக் கிடந்த அதே நாற்காலி. பச்சைப் பையை வாஞ்சையோடு தடவிக்கொடுத்தார்.

“அண்ணே, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக. அடுத்த போராட்டத்துக்கு உங்களுக்குக் கட்டாயம் போன் பண்ணுவேன்.”

ஆரோக்கியநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்களால வர முடியாட்டியும் பரவால்ல. பையை மட்டும் குடுத்து விடுங்க.”