ஒரு நாளைக்கு எவ்வளவு பசை?

வாத்தியார் வேலையில் இருப்பவர்களுக்கு எங்கே பாடம் நடத்தக் கூடாது என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை. எனக்கு அது தெரியவந்தபோது என் கல்யாணம் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது.

ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கு வேதியியல் நடத்துகிறேன். கடினமான கணக்குகளைத் தீர்க்கச் சொல்லித்தருவதில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. (அந்த வயதில் எல்லாவற்றிலும் கொள்கை இருந்தது, மீசைதான் சரியாக வரவில்லை.) கேள்வியிலேயே எல்லா எண்களையும் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் அவற்றைச் சூத்திரத்தில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். நிஜ ஆராய்ச்சியில் யார் எண் கொடுக்கிறார்கள்? ஆகவே முழுத் தகவலும் தராமல் கேள்வி கேட்க வேண்டும். வேண்டியதை அவர்களே ஊகித்து, அந்த ஊகம் நியாயமா என்று அவர்களே சோதிக்க வேண்டும்.

அப்படி நான் பலகையில் எழுதிய முதல் கேள்வி பட்டு நூலைப் பற்றியது. பச்சைப் பட்டில், அதாவது இன்னும் பதப்படுத்தாத நூலில், கால்பங்கு பசை. சாயம் ஏற்றுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து அதை எடுத்துவிடுவார்கள். அப்படியானால் ஆரணியிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு பசை தண்ணீரோடு போகிறது?

வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் உட்கார்ந்து ஊகித்திருப்பார்கள். ஆரணிப் பிள்ளைகளுக்கு ஊகிக்க வேண்டும் என்று என்ன தலையெழுத்து? ஆளுக்கொரு சித்தப்பா சாயப்பட்டறையில் இருக்கிறார். அன்று சாயங்காலமே போனைப் போட்டுவிட்டார்கள்.

"சித்தப்பா, ஒரு நாளைக்கு எவ்ளோ பட்டு வேகவைக்கிறீங்க? அந்தத் தண்ணி எங்க போவுது? காலேஜ்ல சார் கேக்கறாரு."

அந்த வாரத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு: காலேஜில் எவனோ ஒரு வாத்தியார் பட்டறைகளை மூடவைக்கக் கணக்கெடுக்கிறான்.

பட்டறைக்காரர்கள் திரண்டு கல்லூரிக்கு வந்தார்கள். முன்னால் வந்தவர் என் வருங்கால மாமனார். அவர் மகள் சுமதிக்கும் எனக்கும் அப்போதுதான் நிச்சயம் ஆகியிருந்தது. பெண் பார்க்கப் போன அன்றே எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போய், கட்டினால் இவளைத்தான் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். மாமனார் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"மாப்ள, நீங்க இங்க இருக்கறது நல்லதாப் போச்சு. எவனோ ஒரு வாத்தியாராம், எங்களைப் பேஜார் பண்ணிகினு இருக்கான். யாருன்னு மட்டும் சொல்லுங்க. மீதிய நாங்க பேசிக்கறோம்."

"அது நான்தாங்க மாமா" என்றேன்.

அந்த இடத்தில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொல்லி அனுப்பியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? "வெறும் பாடம்தான் மாமா, நீங்களே வந்து பாருங்க" என்று எல்லோரையும் வகுப்புக்குக் கூட்டிப்போய்க் கடைசி பெஞ்சுகளில் உட்காரவைத்தேன்.

ஆரம்பம் பிரமாதம். இது புகார் இல்லை, பரீட்சைக் கணக்குத்தான் என்று புரிந்து பட்டறைக்காரர்கள் தலையாட்டினார்கள். பிறகு திவ்யா என்ற மாணவி எழுந்தாள்.

"சார், நான் விசாரிச்சதுல பெரிய பட்டறையிலயே ஒரு நாளைக்கு அஞ்சு கிலோ பட்டு தாண்டாதாம்."

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. ஊகத்தைச் சோதித்துக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? "இருக்க முடியாதும்மா. எனக்குத் தெரிஞ்ச ஒரு பட்டறையில மட்டுமே ஐம்பது கிலோ. பொண்ணு பார்க்கப் போனப்ப அவங்களே சொன்னாங்க" என்றவன், கடைசி பெஞ்சைப் பார்த்து, "சரிதானே மாமா?" என்று கேட்டேன்.

திவ்யா திரும்பிப் பார்த்தாள். "சார், நானும் இவர்கிட்டதான் கேட்டேன்."

ஐந்து என்றால் சம்பந்தி வீட்டில் மானம் போகும். ஐம்பது என்றால் காலேஜ் கணக்கில் ஏறிவிடும். மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானாவது சும்மா இருந்தேனா? இரண்டு விடைகளுக்குள் பத்து மடங்கு வித்தியாசம் வந்தால், தகவல் கிடைத்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று பலகையில் எழுதி, அடிக்கோடும் போட்டேன். மற்ற பட்டறைக்காரர்கள் பயம் தெளிந்து சிரித்துவிட்டார்கள். மாமனார் எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் சுமதி போன் செய்தாள். "அப்பா இந்தச் சம்பந்தமே வேணாம்னு சொல்லிகினு இருக்காருங்க."

பதறிப்போய்க் கேட்டேன்: "நீ இன்னா சொன்ன?"

"கல்யாணம் உனக்கில்ல, எனக்குன்னு சொன்னேன். சாப்பிடாம உக்காந்துகினு இருக்காரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரே வார்த்தைதான். எதையும் விளக்காதீங்க."

போனேன். விளக்கவில்லை. "எத்தனை கிலோவா இருந்தாலும் எனக்குச் சுமதிதான் மாமா வேணும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே பார்த்து ஒரு காபிக்குச் சொன்னார். அதுதான் சம்மதம் என்று சுமதி ஜாடை காட்டினாள்.

தையில் கல்யாணம். முதல் நாள் சமையல்காரர் வந்து, "எத்தனை இலை போடணுங்க?" என்று கேட்டார். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கணக்கு சொல்லட்டும் மாப்ள? சம்பந்திக்குச் சொல்றதா, காலேஜுக்குச் சொல்றதா?"

மண்டபமே சிரித்தது. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் எந்த அளவைக் கேட்டாலும் இதுதான் முதல் பதில். போன வாரம் மாமனாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டதென்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். தினமும் எவ்வளவு இனிப்பு சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். மாமனார் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னார்.