கோட்டைக்குப் போன இராஜாங்கம்

பாபநாசத்துப் பக்கத்து விவசாய சங்கச் செயலாளர் இராஜாங்கம், ‘உழுபவருக்கே நிலம்!’ என்று முழங்கினால் மூன்று ஊருக்குக் கேட்கும். அவருக்கு ஒத்துவராதது ஒன்றே ஒன்றுதான். உழவு.

நடவு நெருங்கிய வெள்ளிக்கிழமை மாபெரும் முடிவெடுத்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நண்பர் ஜெக்கரியா வீட்டில் சீட்டும் பிரியாணியுமாகக் கிடப்பது. மனைவி அம்சவல்லியிடம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார்.

“குத்தகைப் பதிவு, அம்சம். பதிவேட்டுல பேரு ஏறிட்டா மிராசுதார் நம்மளை அசைக்க முடியாது. நாளைக்குத் தஞ்சாவூர்ல பதியறாங்களாம்.”

“அப்ப அவசியம் போங்க.”

“நடவு?”

“நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமையும் இருந்து நிதானமா வாங்க.”

புளிச்சோறு கட்டிக் கொடுத்து பஸ்ஸிலும் ஏற்றிவிட்டாள். இருபது வருஷத்தில் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தவளில்லை. இராஜாங்கத்துக்கு உறுத்தியிருக்க வேண்டும். அவரோ எல்லாம் தன் சாமர்த்தியம் என்று பூரித்துப்போனார்.

தஞ்சாவூரில் பழைய மதிலோரம் நண்பர்கள் இருவரும் உலாவினார்கள்.

“எத்தனை படை பாத்த கோட்டை! இதுக்குள்ள உங்க வீட்டுப் படையும் நுழைய முடியாது” என்றார் ஜெக்கரியா.

அவர் மனைவி நூர்ஜஹான் மூன்றாம் முறை பிரியாணி வைத்தபடி, “அண்ணி தனியா நடவு பாக்குறாங்களே, பாவம்” என்றார்.

“அவளுக்குப் பழக்கம்மா” என்று எலும்பைக் கடித்தார் இராஜாங்கம்.

ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பினார்.

“பதிவு ஆச்சா?” என்றாள் அம்சவல்லி.

“எங்க! ஆபீசர் வரவே இல்லை.”

“எப்படி வருவாரு? நேத்து நம்ம ஊர்லதானே இருந்தாரு! புதன்கிழமையே தண்டோரா போட்டாங்க. அன்னைக்கு நீங்க சீட்டு மும்முரத்துல இருந்தீங்க.”

இராஜாங்கம் பதறினார். “அப்ப நிலம்?”

“சாகுபடி யாருன்னு கேட்டாரு. ஊரே சேத்துல நின்ன என்னைக் காட்டுச்சு. எழுதிட்டாரு.”

முத்திரை குத்திய காகிதத்தை நீட்டினாள். குத்தகைதாரர்: அம்சவல்லி.

“என் பேரு?”

“இருக்கே. க/பெ.ன்னு போட்டு, பக்கத்துல.”

“கோட்டையைப் பாக்கப் போயி கோட்டை விட்டுட்டேனே!” வாய்விட்டே புலம்பினார். அழுகையே வந்துவிட்டது.

“உழுபவருக்கே நிலம்னு முழங்கினது நீங்கதானே? மேற்கால இன்னும் ஒரு மா நிலம் நடவு பாக்கி. விடியக்காலையில நாத்து பறிக்க வந்துடணும். மட்டம் போட்டா சங்கத்துல புகார் பண்ணிடுவேன்.”