பூட்டிய ஷெட்டுக்குக் கால் பங்கு

காரை ஷெட்டுக்குள் நிறுத்திய பிறகுதான், அதிலிருந்து இறங்க வழியில்லை என்பது கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரிந்தது. இடப்பக்கம் நாலு விரல் இடைவெளி. வலப்பக்கம் மூன்று.

"டிக்கி வழியா வாங்க," என்றாள் மனைவி, வெளியிலிருந்து டிக்கியைத் திறந்தபடி.

"நான் என்ன ஸ்டெப்னியா?"

"ஸ்டெப்னிக்கு இவ்வளவு வாய் கிடையாது. வாங்க."

பின்சீட்டைத் தாண்டித் தலைகீழாக வந்து விழுந்தார். பையிலிருந்த மூக்குக்கண்ணாடி நொறுங்கியது. அன்று அவருக்கு அது இரண்டாவது கண்ணாடி. முதலாவது, நுழையும்போது சுவரில் உரசிப் போன காரின் பக்கக் கண்ணாடி.

எல்லாம் ஒரு துண்டு நோட்டீஸால் வந்தது. திங்கட்கிழமை கதவிடுக்கில் கிடந்தது.

'பூட்டிய ஷெட்டில் நிறுத்தப்படும் கார்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியத்தில் கால் பங்கு தள்ளுபடி. ஷெட்டில் கார் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. ஆய்வாளர் நேரில் பார்த்து முடிவு செய்வார்.'

அவருக்கு அது தெய்வவாக்கு. முந்தின வாரம்தான் மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள். "இந்த வருஷமும் பிரீமியம் ஏறிச்சுன்னா காரை வித்துடுவோம். பஸ் என்ன கடிக்கவா செய்யும்?"

பிரீமியத்தைக் குறைக்க அவர் படாத பாடில்லை. நாலு கம்பெனியில் விலை விசாரித்தார். பாலிசியில் வேண்டாத சேர்க்கைகளை வெட்டினார். பம்பரில் கீறல் விழுந்தபோது, க்ளெய்ம் கேட்டால் போனஸ் போய்விடும் என்று நகப்பூச்சு வாங்கித் தானே பூசினார். புட்டியில் வெள்ளையாகத்தான் இருந்தது. காய்ந்ததும் ரோஜா நிறமாகிவிட்டது.

ஷெட்டில் இருந்தது மாமனாரும் அவருடைய அச்சு இயந்திரமும். ஒரு மாதம் தங்க வந்தவர், இரண்டு வருஷமாகிவிட்டது.

"மாப்பிள்ளை, மழை பெஞ்சா தலைமாட்டுல ஒழுகுது. அந்த முன்னறை சும்மாதானே..." என்று நாலைந்து தடவை கேட்டிருந்தார்.

"அடுத்த மாசம் பார்ப்போம் மாமா," என்பதுதான் ஒவ்வொரு தடவையும் பதில். முன்னறை சும்மா இல்லை. உடற்பயிற்சி சைக்கிள் இருந்தது. அதில் துண்டு காய்ந்தது.

மாமனார் தங்கமான மனுஷர். ஒரே குறை, எதையும் நூறுக்குக் குறைந்து அடிக்க மாட்டார். 'கடை இன்று விடுமுறை' என்று ஒரே ஒரு அட்டை கேட்டதற்கு நூறு வந்தது.

"ஒண்ணுக்கு மை தடவுறதும் நூறுக்குத் தடவுறதும் ஒண்ணுதான் மாப்பிள்ளை. அடிச்சதைத் தூக்கிப் போடவும் எனக்கு மனசு வராது."

கடைக்கு இன்னும் தொண்ணூற்றேழு நாள் விடுமுறை பாக்கியிருந்தது.

"மாமா, முன்னறைக்கு மாறிக்கறீங்களா?" என்று அவரே போய்க் கேட்டார்.

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றார் மாமனார். சொல்லும்போதே தலையணை கக்கத்தில் இருந்தது.

இயந்திரம் முன்னறை வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றினார்கள். கழற்றியதில் நிலை பெயர்ந்து, கதவைத் திரும்ப மாட்ட முடியவில்லை. சைக்கிள் படுக்கையறைக்குப் போனது.

"இந்த அறையில ஒண்ணு சைக்கிள் இருக்கணும், இல்ல நீங்க இருக்கணும்," என்றாள் மனைவி.

சைக்கிள் கனமாக இருந்தது. அவர் கூடத்து சோபாவுக்குப் போனார். சோபா அவரைவிட ஒரு சாண் குட்டை. கதவில்லாத முன்னறையிலிருந்து மாமனாரின் குறட்டை தங்கு தடையின்றி வந்தது.

அதற்கு மறுநாள்தான் காரை உள்ளே நுழைத்தது. பக்கக் கண்ணாடிக்கும் க்ளெய்ம் கேட்கவில்லை. கைக்காசு போட்டு மாட்டினார். டிக்கி வழியாகத் தினமும் ஏறி இறங்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. காரைக் காப்பாற்றுவதற்காகக் கடைக்குப் பஸ்ஸில் போனார்.

வெள்ளிக்கிழமை, பாலிசியைப் புதுப்பிக்கும் முன் காரைப் பார்க்க இன்சூரன்ஸ் ஆய்வாளர் வந்தார். இளவயது, கையில் கோப்பு. ஷெட்டைப் பார்த்தார். காரைச் சுற்றி வர முடியாததால் குனிந்து பார்த்தார்.

"ரோஸ் கலர் எதுக்கு சார்?"

"அது... அழகுக்கு."

சோபாவில் படுக்கை கிடந்ததால் ஆய்வாளர் முன்னறையில் மாமனாரின் கட்டிலில் உட்கார்ந்து எழுதினார். பேனா கைதவறி உருண்டது. குனிந்து தேடி எடுத்தார்.

"நாலு வருஷமா க்ளெய்மே இல்ல. போனஸ் கூடியிருக்கு. பிரீமியம் போன வருஷத்தைவிடக் குறைவுதான் சார்."

"அப்ப விக்க வேண்டாம்," என்றாள் மனைவி. கண்ணாடிக்கடைக்காரரின் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

"அப்படியே இந்தக் கால் பங்கையும் கழிச்சுடுங்க," என்று நோட்டீஸை நீட்டினார்.

"காபி கொண்டு வரேன்," என்று மாமனார் எழுந்து போனார். அந்த வீட்டில் அவர் காபி போட்டு யாரும் பார்த்ததில்லை.

ஆய்வாளர் நோட்டீஸை இரண்டு தடவை படித்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் இன்னொரு தடவை பார்த்தார்.

"எங்க கம்பெனியில இப்படி ஒரு தள்ளுபடியே கிடையாது சார். ஆனா உங்க வீட்டுக்கு வந்தது ஒண்ணுதான்னா, மிச்சத்தைப் பெரியவர் ஏன் 'தொண்ணூத்தொம்பது'ன்னு சீட்டு ஒட்டிக் கட்டிலுக்கு அடியில கட்டி வச்சிருக்கார்?"