பத்துப் போட்டிக்கார மாப்பிள்ளை வேண்டாம்

காட்டுப்பாக்கம்,
தாது வருஷம் புரட்டாசி 19-ந் தேதி.

மகாராஜராஜஸ்ரீ வேப்பம்பட்டு ஜானகிராமன் அவர்கள் சமூகத்துக்கு, உம்முடைய அக்காள் அன்னம்மாளைக் கட்டிக்கொண்ட திருவேங்கடம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உம் அக்காள், மகள் நாகவல்லி, கறவை எருமை இரண்டு, எல்லாரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் முறை தவறக்கூடாது, விசாரித்ததாக வைத்துக்கொள்ளும்.

மச்சான், நீர் கொண்டுவந்த பூந்தமல்லிச் சம்பந்தம் நமக்கு வேண்டாம். ஐப்பசியில் நிச்சயதார்த்தம் என்று பேசினோமே, அதை நிறுத்திவிடும். பையன் சம்பத்தின் தாயார் பொன்னியம்மாவிடம் நீரே போய்ப் பக்குவமாகச் சொல்லிவிடும். காரணம் என்ன என்று கேட்பீர். காரணம் ஒன்றல்ல, பத்து.

முதல் கோளாறு உம்முடைய கையெழுத்தில் ஆரம்பித்தது. சித்திரையில் நீர் எழுதிய கடிதத்தில், பையன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், பெரிய "பத்துப் போட்டிக்காரர்" என்று எழுதினீராம். நீர் போடுகிற டி-யும் டு-வும் இரட்டைப் பிள்ளைகள். நான் அதைப் "பத்துப் போட்டுக்காரர்" என்று படித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விழுவார்கள், எழுவார்கள், வீங்கின இடத்தில் மருந்து அரைத்துப் பத்துப் போடத் தெரிந்தவர் போலிருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று என்று சந்தோஷப்பட்டேன். இரண்டு வருஷமாக என் வலது முழங்கால் படுத்துகிற பாடு உமக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று, அத்தனை பேர் நடுவில், வேட்டியை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு பையன் முன்னால் முக்காலியில் காலைத் தூக்கி வைத்து, "மாப்ளே, இதுக்கு இன்னா பத்துப் போடலாம்?" என்று கேட்டேன். பையன் என் காலைப் பார்த்தார், தன் தாயாரைப் பார்த்தார். பிறகு சாவதானமாக, "சுக்கும் மஞ்சளும் அரைச்சிப் போடுங்க மாமா, ரெண்டு நாளு ரொம்ப நடக்காதீங்க" என்றார். வெற்றிலைத் தட்டோடு வந்த நாகவல்லி சிரித்த சிரிப்பில் பாக்கெல்லாம் உருண்டு ஓடியது. அவருக்கு வைத்தியத்தில் அரிச்சுவடி கூடத் தெரியாது என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. தெரியாத விஷயத்தில் இவ்வளவு தைரியமாக யோசனை சொல்கிறவர் வேறு எதெதில் என்னென்ன சொல்வார்? அன்றைக்கே என் மனசில் முள் தைத்தது. முழங்கால் வலி குறைந்தது வாஸ்தவம். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் பையன் கப்பலேறி ஜெர்மனிச் சீமைக்குப் போனார். உலகத்துத் தேசத்தாரெல்லாம் கூடி ஓடுவதும் தாண்டுவதுமாக ஏதோ விளையாட்டுப் பந்தயமாம். அதில் பத்துப் போட்டி என்றால் என்னவென்று கேட்டறிய, பூந்தமல்லியில் மூங்கில் கடை வைத்திருக்கும் பக்கீர் முகமதுவிடம் போனேன். "அதை ஏன் கேக்குறே அண்ணாத்தே, மாப்ளே நம்ம கடையில ஏழு மூங்கில் வாங்கிகினு போனாரு, ஏழும் ஒடஞ்சி போச்சு" என்றார். பந்தல் போட்டாரா, கொட்டகை போட்டாரா என்றேன். இல்லையாம். மூங்கிலைத் தூக்கிக்கொண்டு ஓடி, தரையில் ஊன்றி, இரண்டு ஆள் உயரத்தை எகிறித் தாண்டுவாராம்.

மற்ற ஒன்பதும் என்னவென்று கேட்டேன். நீரும் கேளும். முதல் நாள் ஒரே ஓட்டமாக ஓடுவது. அப்புறம் வாய்க்கால் அகலத்தை ஒரே தாவாகத் தாவுவது. இரும்புக் குண்டைத் தூக்கிப் போடுவது, இது ராத்திரியில் குரைக்கிற காவல் நாய்க்கு. குறுக்குக் கம்பைத் தாண்டிக் குதிப்பது, அப்புறம் கொஞ்சம் நீண்ட ஓட்டம். அன்றைக்கு அதோடு விட்டுவிடுகிறார்கள். அது வீட்டை நோட்டம் பார்க்கிற நாள் என்று வைத்துக்கொள்ளும். மறுநாள் வேலி வேலியாகத் தாண்டி ஓடுவது. கனமான தட்டைச் சுழற்றித் தூர எறிவது, அது வெளியே நிற்கிற கூட்டாளிக்கு. பிறகு அந்த மூங்கில், மதில் தாண்ட. யாராவது மறித்தால் ஈட்டி. கடைசியில் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைய மூச்சு முட்ட ஓட்டம். ஊரே துரத்தும்போது ஓடித்தானே ஆகவேண்டும்? மச்சான், நெஞ்சில் கை வைத்துச் சொல்லும், இந்தப் பத்தும் யாருக்கு வேண்டிய வித்தை?

ஆவணி கடைசியில் பையன் திரும்பி வந்தார். என்ன ஜெயித்தார் என்று விசாரித்தேன். எதிலும் முதலாவது இல்லை, இரண்டாவது இல்லை, ஓர் ஓட்டத்தில் கடைசியாம். ஆனாலும் கடைசியாக வந்தவனுக்கும் புள்ளி போடுவார்களாம், எல்லாம் கூட்டிப் பார்த்ததில் பதினேழாவது இடமாம். இருப்பதே பத்துப் போட்டி, அதில் பதினேழாவது இடம் எங்கிருந்து வந்தது? இந்தக் கணக்கை நீர் கேட்டீரா? கேட்டிருக்க மாட்டீர்.

சரி, பந்தயம் முடிந்தது, சீமைக்காரர்களும் அவரவர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இவர் மட்டும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் இன்னமும் தாண்டிக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். யாருக்காகத் தாண்டுகிறார்? கண்ணால் பார்த்துவிடுவது என்று போன வெள்ளிக்கிழமை காலை போய், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு கருவேலம் புதருக்குள் உட்கார்ந்தேன். இரண்டு கொம்பு நட்டு, நடுவில் கயிறு கட்டி, எட்டுத் தரம் தாண்டினார். எட்டாவது தரம் கயிறு அசையக்கூட இல்லை. அப்புறம் அந்தத் தட்டை எடுத்துச் சுழன்றார். அது பறந்து வந்து என் புதர் ஓரமாகத் தொப்பென்று விழுந்ததும் நான் என்னை மறந்து "ஐயோ" என்று கத்திவிட்டேன். உடனே ஏரிக் காவல்காரன் துலுக்கானம் தடியோடு ஓடி வந்து, "எவன்டா அது, பொதருல குந்திகினு கீறது? எய்ந்து வாடா வெளியே!" என்று என் பிடரியில் கை வைத்துவிட்டான். பையன் அந்தக் கோடியிலிருந்து ஒரு நொடியில் வந்து நின்றார். "வுட்டுடுங்க, இவுரு நம்ம மாமா" என்று அவனை விலக்கிவிட்டு, என் மேல் ஒட்டிய முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, "முட்டி எப்டி கீது மாமா?" என்று கேட்டார். அவ்வளவு தூரம் ஓடி வந்தும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. யோக்கியனாக இருந்தால் கொஞ்சமாவது மூச்சு வாங்கியிருக்க வேண்டாமா?

வீட்டுக்கு வந்து, இந்த இடம் வேண்டாம் என்று சொன்னேன். உம் அக்காள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பெருமூச்சு விட்டாள். நாகவல்லிதான், "நைனா, பத்துல எதுனா ஒண்ணு திருடுறதுன்னு கீதா, சொல்லு" என்றாள். அதிகப்பிரசங்கம் பண்ணாதே என்று அதட்டினேன். அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, அரைச் சோறு தின்றுவிட்டு எழுந்து போகிறாள். எனக்கிருப்பது ஒரே பெண், மச்சான். அவளை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு, பிறகு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் உள்ளபடி. ஆகையால் கடிதம் கண்டவுடன் புறப்பட்டுப் போய்ச் சம்பந்தத்தை முறித்துவிடும். தாமதம் வேண்டாம்.

உம் பக்கத்து ஊர் திருநின்றவூர்ப் பெருமாள் உமக்கும் குழந்தைகளுக்கும் நீண்ட ஆயுளும், உமக்கு மட்டும் தனியாக நல்ல கையெழுத்தும் அருளட்டும்.

இப்படிக்கு,
திருவேங்கடம்

பின்குறிப்பு: மேலே எழுதிய சகலமும் ரத்து. எருமைக் கொட்டகைக்கு மூங்கில் போட வந்த பக்கீர் முகமது இப்போதுதான் ஒரு சேதி சொல்லிப் போனார். பொன்னியம்மா இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்கிறாளாம். பெண்ணின் தகப்பனார் முக்காடு போட்டுக்கொண்டு புதரில் பதுங்குகிற ஆசாமி, அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்கப் பயமாக இருக்கிறது என்றாளாம். என்னைப் பார்த்தா பயம்? மூன்று தலைமுறையாகக் காட்டுப்பாக்கத்தில் நிலம் உழுகிற குடும்பம் மச்சான்! நீர் உடனே பூந்தமல்லிக்குப் போய் என் நாணயத்தைப் பற்றி எடுத்துச் சொல்லும். பையன் தங்கமான பையன், பத்து வித்தை தெரிந்தவர், என் முழங்காலைக் குணப்படுத்தினவர் என்று நான் சொன்னதாகச் சொல்லும். காலில் விழவேண்டும் என்றால் விழும், உமக்கு முழங்கால் வலி இல்லை. கடிதத்தை ஒட்டித் தபாலில் சேர்க்கும்படி நாகவல்லியிடம் கொடுக்கிறேன்.

மாமாவுக்கு நாகவல்லி நமஸ்காரம். யார் காலிலும் விழவேண்டாம். பொன்னியம்மா அத்தை ஒன்றுமே சொல்லவில்லை, அவர்களுக்கு இந்தப் பேச்சே தெரியாது. பக்கீர் பாய் சொன்ன சேதி முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது. நைனா மேல் யாராவது கொஞ்சம் சந்தேகப்பட்டால்தான் அவர் சந்தேகம் தீரும் என்று தோன்றியது. நீங்கள் நேரே போய் நாள் மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஐப்பசியிலேயே பாருங்கள் மாமா. கார்த்திகை என்றால் அதற்குள் நைனா பதினோராவதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்.