உமது அப்பா வழுக்கி விழுந்த விபரம்

வேலணை கிழக்கு,
ஆவணி 1985.

அன்புள்ள தம்பி செல்வரத்தினத்துக்கு,

நயினை நாகபூசணி அம்மாளின் காவலில் நீரும் மனைவி மனோகரியும் குழந்தையும் வெள்ளவத்தையில் நலமாயிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் அன்னபூரணமும் சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை போகவில்லை. களைப்பாக இருக்கிறோம். அப்படியே எழுதிவிடுகிறேன்.

உமது கடிதமும் அதற்குள் வைத்திருந்த கொழும்புப் பத்திரிகைத் துண்டும் கிடைத்தன. வடக்கில் கொள்ளையும் அடிதடியும் மூன்று மடங்காகப் பெருகிவிட்டன என்று அதில் போட்டிருக்கிறான். இது உண்மையா, அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்து நெற்றி வெடித்ததாக எழுதியிருக்கிறாரே அதுவாவது உண்மையா, நான் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டிருந்தீர். பக்கத்து வளவுக்காரன் என்ற முறையில் மறைக்காமல் எழுதுங்கோ மாமா என்றும் கேட்டிருந்தீர். ஒரு வரியில் ஓம் என்றோ இல்லை என்றோ எழுதிவிடலாமென்று பார்த்தேன், ஏலவில்லை. இந்தக் கேள்வியால் நானும் உமது அப்பாவும் பட்ட பாட்டை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்து ஓய்ந்தவன், உமது அப்பா ஏரம்பர் அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்ந்தவர். காலையில் இரண்டு பேரும் வங்களாவடிச் சந்தியில் அம்புறோஸின் தேத்தண்ணிக் கடைக்குப் போய், ஆளுக்கொரு பிளேன்ரீயோடு பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை பார்ப்பது வழக்கம். பங்குனியில் ஒருநாள் யாழ்ப்பாணப் பத்திரிகையில், தீவுப்பகுதியில் அடிதடி, கொள்ளை பற்றிய முறைப்பாடுகள் அரைவாசிக்குமேல் குறைந்துவிட்டன என்று வந்திருந்தது. அப்பா அதை உரத்து வாசித்து, பார்த்தீரோ ஊர் திருந்திவிட்டது என்றார். முறைப்பாடு சொல்லப் போகிற பொலிஸ் நிலையத்தையே மூடிவிட்டார்கள், அங்கே இப்போது ஆரோ ஆடு கட்டுகிறான், ஆட்டிடமா போய் முறைப்பாடு எழுதுவது என்று நான் கேட்டேன். அன்று தொடங்கியது, தம்பி. எண் என்றால் எண்தான், எண்ணில்லாமல் கதைக்கிறவன் வதந்திக்காரன் என்பது அவருடைய கட்சி. எண்ணுகிறவன் கண்ணை மூடிக்கொண்டால் எண் குறையத்தானே செய்யும் என்பது என் கட்சி. நானும் சும்மா இருக்கவில்லை, சரவணையில் ஒரு கொள்ளை, சாட்டிப் பக்கம் ஒரு கொள்ளை, புங்குடுதீவு றோட்டில் ஒரு கொள்ளை என்று கேள்விப்பட்டதையெல்லாம் கொண்டுபோய்க் கடையில் வைத்தேன். அப்பா வெயிலில் சைக்கிள் உழக்கிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு வந்து, மூன்றும் ஒரே கொள்ளைதான், பஸ்காரன் வாயால் ஒரு இடத்திலும் மீன்காரன் வாயால் இன்னொரு இடத்திலும் நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் நிரூபித்தார். அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. அவர் சொன்னது சரி, அதுதான் பெரிய தொந்தரவு. நீர் அனுப்பிய துண்டு மாதிரி ஒன்று முன்பும் வந்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது, சண்டையில் செத்தவனையும் கோழிக் கள்ளனையும் ஒரே சாக்கில் கட்டி நிறுத்தால் பாரம் கூடத்தான் காட்டும் என்றார். அதுவும் பிழையில்லை. அம்புறோஸ்தான் பாவம், நாங்கள் பிடித்துக்கொண்டிருந்த வாங்குப் பலகையில் வேறு ஒருவரும் இருக்க ஏலாமல் வியாபாரம் படுத்துவிட்டது.

இப்படியிருக்க ஆடி மாதத்தில் ஒரு நாள் அப்பா கடைக்கு வரவில்லை. வெற்றி கொண்டாடுகிறாராக்கும் என்று நானும் பேசாமல் இருந்தேன். வெயில் ஏறியும் வராதபடியால் அன்னபூரணம் போய்ப் பார்க்கச் சொன்னாள். வாசல் படலை திறந்து கிடந்தது. உள்ளே போனால் அலுமாரிக் கதவு கழன்று தொங்குகிறது, வழக்கமாக மேசையில் கத்துகிற றேடியோவைக் காணவில்லை, மூக்குக்கண்ணாடி நிலத்தில் மிதிபட்டுக் கிடக்கிறது. மனுசன் கதிரையில் நெற்றியில் துவாயை அழுத்திப் பிடித்தபடி இருக்கிறார். துவாய் முழுக்க இரத்தம். என்ன நடந்தது என்று கேட்டேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்தேன் என்றார். றேடியோ எங்கே என்றேன், திருத்தக் கொடுத்திருக்கிறது என்றார். அலுமாரி என்றேன், அது பழசு என்றார். தம்பி, இந்த முறை ஆடியில் இங்கே துளி மழையில்லை. உங்கள் கிணறு அடி தெரிய வற்றிக் கிடந்தது, கிணற்றடியில் ஒரு மாதமாகப் பாசியுமில்லை ஈரமுமில்லை. வழுக்குவதென்றால் தண்ணீரை வேறு எங்கேயாவது வாங்கிக் கொண்டுவந்து ஊற்றித்தான் வழுக்க வேண்டும்.

ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே அப்போதிக்கரி டாக்குத்தர் தையல் போட்டுக்கொண்டே எப்படிக் காயம் என்று கேட்க, அப்பா அசையாமல், வழுக்கி விழுந்தது என்றார். அவர் நிமிர்ந்து பார்த்து, இந்த மாதம் உங்கட பக்கத்துச் சனம் கனபேர் வழுக்கி விழுகினம் ஐயா, எல்லாருக்கும் நெத்தியிலதான் படுது என்று மட்டும் சொல்லிவிட்டு அப்படியே பதிந்தார்.

பஸ்ஸில் திரும்பினோம். அவருடைய வீட்டில் நான் குசினியில் தண்ணி கொதிக்க வைத்துவிட்டுத் திரும்பினால், உமது அப்பா பின்னால் நிற்கிறார்.

"பரமலிங்கம், ரெண்டு பேர். பொழுதுபட வந்தவங்கள். மூஞ்சையில சாரத்துண்டு கட்டியிருந்தவங்கள். அவவின்ர தாலிக்கொடியைக் கேட்டாங்கள். இல்லையெண்டு சொல்ல ரோச் லைற்றால அடிச்சவங்கள்" என்றார்.

கொடியைக் கொண்டுபோனாங்களோ என்று கேட்டேன். இல்லையென்று தலையை ஆட்டினார். காலஞ்சென்ற உமது அம்மாவின் கொடியை அவர் எங்கே வைத்திருந்தார் என்பது எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும். அந்த இடத்தைத் திறக்காமல் அவர் அடி வாங்கியிருக்கிறார்.

"நீர் சொன்னதுதான் சரி. நீர் வெண்டிட்டீர். ஆனா ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். மகன் அறிஞ்சால் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போயிடுவான்" என்றார்.

மாதக்கணக்காக நான் அவர் வாயிலிருந்து கேட்க நினைத்த வார்த்தை அது.  இவர் இவ்வளவு நாளும் பத்திரிகை எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கியது ஊருக்காக இல்லை, தன்னுடைய வீட்டில் தான் இருக்கிறதற்காக என்று அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. ஊரில் குற்றம் குறைந்திருக்கும்வரை உமக்கு அவரைக் கொண்டுபோக நியாயமில்லை. நான் குற்றம் கூடுகிறது என்று கடையில் நின்று கத்திய ஒவ்வொரு நாளும் அவரைக் கொழும்பு ரெயில் கோச்சியில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றே அன்னபூரணம் அவருடைய பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள், பின்னால் அவர் வந்தார். ஒரு மாதமாக எங்கள் முன் அறையில்தான் இருக்கிறார். நல்ல மனுசன், ஆனால் குறட்டை கூரையைக் கிளப்புகிறது, என் கதிரையில் இருக்கிறார், சொதிக்குப் புளி காணாது என்கிறார், உறைப்புக் கூட என்கிறார், கண்ணாடியில்லாதபடியால் பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், வாசித்தால் நான் எண்ணை மாற்றி வாசிக்கிறேனென்று சந்தேகப்படுகிறார். இதற்கிடையில் தெருக்கரை மயில்வாகனம் வந்து, எங்கள் வீட்டில் ஏரம்பர் படுக்கிற காரணம் தனக்குத் தெரியுமென்றும், தான் வைகாசியில் மாடு இடித்து விழுந்ததாகச் சொன்னது மாடு இல்லையென்றும் என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார். தனியாக இருக்கிற சின்னாச்சியக்கா பனங்கொட்டை தடக்கி விழுந்த கதையும் அப்படித்தான், மருமகள் அறிந்தால் வீட்டைப் பூட்டுவித்துவிடுவாள் என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறா. எல்லோரும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொல்கிறார்கள். எனக்கு இதையெல்லாம் சுமந்து ஏலாது, தம்பி. பத்திரிகையில் குற்றம் குறைந்துகொண்டு போகிறது, என் காதுக்குள் கூடிக்கொண்டு போகிறது.

ஆகையால் சிநேகிதனுக்குக் கொடுத்த வாக்கை மீறி எழுதுகிறேன். அப்பா வழுக்கி விழவில்லை. ஊரில் பயம் கூடித்தான் இருக்கிறது. எத்தனை மடங்கென்று எனக்குத் தெரியாது, தெரிந்தும் காரியமில்லை. அவருக்கு எழுபது வயது, அடுத்த முறை ரோச் லைற்றோடு வருவார்களென்று என்ன நிச்சயம். நீர் லீவு எடுத்துக்கொண்டு உடனே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போம். கோபிப்பார், சாப்பிடமாட்டார், என்னோடு இந்தப் பிறவியில் கதைக்கவும் மாட்டார். பரவாயில்லை.

மனோகரிக்கும் குழந்தைக்கும் எங்கள் ஆசீர்வாதம். அம்மாள் எல்லோரையும் ஒரு குறையில்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா,
க. பரமலிங்கம்

பி.கு: மேலே எழுதியதை நம்பி வெளிக்கிட்டுவிட வேண்டாம். நேற்று உறையை ஒட்டப் போகையில் உமது அப்பா பின்னால் வந்து, ஆருக்குக் கடிதம் என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை, கொடுத்துவிட்டேன். அன்னபூரணத்தின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார், சொதி பற்றிய இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு அம்புறோஸின் கடைக்கு நடந்தார், நான் பின்னால் ஓடினேன். அங்கே நின்று, "என்னை அடிச்சுப்போட்டாங்கள். நான் வழுக்கி விழேல்லை" என்று சொன்னார்.  பிறகு மயில்வாகனம் எழும்பினார், சின்னாச்சியக்காவுக்கு ஆள் போனது, நான் நினைத்தே பார்க்காத ஆட்களெல்லாம் தாங்கள் விழவில்லை என்றார்கள். பொழுதுபட்டால் தனியாக இருக்கிறவர்களின் வாசலில் இரண்டிரண்டு பேராகப் போய் இருப்பதென்றும், ஆபத்தென்றால் தகரம் தட்டுவதென்றும் அங்கேயே முடிவாயிற்று. ஆர் எங்கே இருப்பது என்று பிரித்துவிடுகிற வேலையைக் கச்சேரிக்காரரான உமது அப்பாவிடமே கொடுத்துவிட்டார்கள். ஆகவே இனி எங்கள் பக்கத்தில் குற்றம் திடீரென்று பெருகிவிட்டது என்று உமது பத்திரிகையில் வந்தால் பயப்பட வேண்டாம், அது சனம் வாய் திறந்த கணக்கு. அவரை இப்போது கிரேன் வைத்துத் தூக்கினாலும் கொழும்புக்குக் கொண்டுபோக ஏலாது.

இதை எழுதும்போது பக்கத்தில் நின்று ஒன்று சேர்க்கச் சொல்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "அவனும் எண்பத்திமூண்டு ஆடிக் கலவரத்தில, குசினியில நெருப்புப் பிடிச்சு வீடு கொஞ்சம் பழுதாய்ப் போச்சு எண்டுதான் எனக்கு எழுதினவன். நான் நம்பின மாதிரியே இருந்தனான். அங்க இருக்க ஏலாதெண்டால் பெண்சாதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இஞ்ச வரச்சொல்லும், வீடு சும்மாதான் கிடக்கு." இதற்குப் பதில், தம்பி, நீரே அவருக்கு எழுதும்.